மருத்துவமனையில் சி.எம்.இ. உரை நடத்துவது எப்படி: கேஸ் ஷீட்டில் தொடங்கி கேஸ் ஷீட்டில் முடிக்கும் முறை

சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்ததும் பலர் முதலில் ஹாலைப் பிடிக்கிறார்கள். அடுத்து பெரிய பெயருள்ள பேச்சாளர், அடுத்து பேனர், அடுத்து சாப்பாடு. தலைப்பு கடைசியில் வருகிறது: "சார், உங்களுக்கு எது வசதியோ அதைப் பேசுங்க." அன்றைக்கு ஹால் நிறையும். மறுநாள் காஷுவாலிட்டியில் எதுவும் மாறியிருக்காது.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் 30 முதல் 60 டாக்டர்கள் உட்கார்ந்து கேட்கும் ஒரு மணி நேர உரையை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. படிகள் புரிவதற்காகப் பாம்புக்கடி சிகிச்சையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். வேறு எந்தத் தலைப்புக்கும் இதே வரிசைதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: மருத்துவக் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸிலிருந்து கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைப் பதிவு) எடுக்க ஒப்புதல், உங்களோடு வேலை செய்ய ஒரு ஜூனியர் டாக்டர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ். கவுன்சில் கிரெடிட் (மருத்துவக் கவுன்சில் ஏற்கும் கல்வி மணிக்கணக்கு) வேண்டுமென்றால் ஆறு வாரம், மருத்துவமனைக்குள் நடக்கும் உரை மட்டும் என்றால் மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

1. கேள்வியை வார்டிலிருந்து எடுங்கள்

தலைப்பு தேடிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். நான்கு இடங்களில் அது தயாராகக் கிடக்கிறது. இறப்புகளை ஆராயும் மார்டாலிட்டி மீட்டிங் குறிப்புகள் ஒன்று. காஷுவாலிட்டி பதிவேட்டில் வேறு மருத்துவமனைக்கு அனுப்பியதற்கான காரணம் எழுதும் பத்தி இரண்டு. மருந்தகத்தின் இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) மூன்று. தேவைக்கு மேல் எந்த ஆன்டிபயாடிக் போகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் நல்லது: இரவு டியூட்டி டாக்டர் எந்தச் சந்தேகத்துக்கு சீஃபுக்கு (யூனிட் தலைவருக்கு) போன் போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அதுதான் உங்கள் தலைப்பு.

பருவத்தையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மழை விட்ட பிறகு டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்று காய்ச்சல் வார்டு நிறையும். காய்ச்சல் உரையை டிசம்பரில் வைத்தால் தாமதம், செப்டம்பரில் வையுங்கள். சுற்றிலும் நெல் வயலும் பண்ருட்டி முந்திரித் தோப்பும் இருக்கும் ஊர்களில் பாம்புக்கடி உரை சம்பா நடவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பிறகு கடைசி 20 கேஸ் ஷீட்டை எடுத்து உட்காருங்கள். பாம்புக்கடி என்றால் நான்கு விஷயங்களை மட்டும் எண்ணுங்கள்: 20 நிமிட ரத்த உறைதல் சோதனை செய்த நேரம் எழுதியிருக்கிறதா, ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏற்றும் முன், ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் தயாராக இருந்ததாகக் குறிப்பு உண்டா, தேவையில்லாத தோல் சோதனை செய்தார்களா, மறுசோதனை 6 மணி நேரத்தில் நடந்ததா. டாக்டர் பெயரைக் குறிக்காதீர்கள். யார் எழுதிய ஷீட் என்ற பேச்சு எழுந்தால் அடுத்த முறை உங்களுக்கு ஷீட்டே கிடைக்காது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். குறை அறிவில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா? காஷுவாலிட்டியில் கண்ணாடிச் சோதனைக் குழாயே இல்லை என்றால், எவ்வளவு நல்ல உரையும் உறைதல் சோதனையைச் சரிசெய்யாது. அதற்குத் தேவை இன்டென்ட். 100 குழாய்க்கு எழுதிக் கொடுத்து, அவை வந்து சேர்ந்ததை நேரில் பார்த்த பிறகு உரைக்குத் தேதி குறியுங்கள்.

2. நோக்கத்தைச் செயலாக எழுதுங்கள்

"பாம்புக்கடி பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துதல்" என்பது நோக்கமாகாது. அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. உரை கேட்ட டாக்டர் மறுநாள் கையால் எதைச் செய்வார் என்று எழுதுங்கள். மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

எங்கள் எடுத்துக்காட்டில் மூன்று வரி. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்து, நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். தோல் சோதனை செய்யாமல், அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏ.எஸ்.வி. தொடங்குவார். ரத்தம் உறையாத நோயாளிக்கு ஏ.எஸ்.வி. கொடுத்து 6 மணி நேரம் கழித்து மறுசோதனை செய்வார்.

பாம்பு வகைகள், விஷத்தின் வேதியியல், உலக அளவிலான கணக்கு எல்லாம் இந்த மூன்று வரிக்கு உதவினால் மட்டும் உள்ளே வரலாம். இந்தத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளருக்கும் கவுன்சிலுக்கும் போகப்போவது இதே தாள்தான்.

3. பேச்சாளரைத் தேடும் முன் தேர்வுக் கேள்விகளை எழுதுங்கள்

இந்தப் படியைப் பலர் உரைக்கு முந்தைய நாள் இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது ஸ்லைடில் எது இருக்கிறதோ அதிலிருந்து கேள்வி பிறக்கும். நினைவாற்றலை மட்டுமே அது சோதிக்கும். முதலிலேயே எழுதினால் கேள்வி நோக்கத்திலிருந்து பிறக்கும், ஸ்லைடு கேள்வியைப் பின்தொடரும்.

ஐந்து கேள்வி போதும். ஒவ்வொன்றும் ஒரு நோயாளியோடு தொடங்கட்டும். மாதிரி ஒன்று: "வயலில் கணுக்காலில் கடிபட்ட 34 வயதுப் பெண். 20 நிமிடத்தில் ரத்தம் உறையவில்லை. 10 குப்பி ஏ.எஸ்.வி. ஏறி முடிந்துவிட்டது. ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது, ஈறில் கசிவு நின்றிருக்கிறது. அடுத்த உறைதல் சோதனை எப்போது?" விடைகள்: உடனே, ஒரு மணி நேரத்தில், 6 மணி நேரத்தில், மறுநாள் காலை ரவுண்ட்ஸில்.

தவறான விடை ஒவ்வொன்றும் வார்டில் உண்மையில் நடக்கும் தவறாக இருக்க வேண்டும். "உடனே" என்பவருக்கு, விஷம் முறிந்த பிறகும் உறைதல் காரணிகளைக் கல்லீரல் மீண்டும் உருவாக்கப் பல மணி நேரம் ஆகும் என்பது தெரியவில்லை. அவர் தேவையில்லாமல் அடுத்த 10 குப்பியை உடைப்பார். "மறுநாள் காலை" என்பவர் ரத்தக்கசிவு தொடரும் நோயாளியைத் தவறவிடுவார். விடைத்தாளைப் பார்த்தாலே எந்தத் தவறு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"மேலே உள்ள அனைத்தும்" வேண்டாம். "எது தவறு" என்று கேட்கும் எதிர்மறைக் கேள்வியும் வேண்டாம். சரியான விடை மட்டும் நீளமாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பாடம் தெரியாதவரும் நீளத்தைப் பார்த்து அடித்துவிடுவார். எழுதி முடித்ததும் ஒரு ஹவுஸ் சர்ஜனிடமும் (பயிற்சி டாக்டர்) ஒரு சீனியரிடமும் கொடுத்துப் பாருங்கள். சீனியரே இரண்டு விடைக்கு நடுவில் தயங்கினால் கேள்வியைத் திருத்துங்கள்.

4. பேச்சாளரைக் கேட்கும் முறை

நம் வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர்ச் சாலையிலும் காலாப்பட்டிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். பெயருக்காக அழைக்காதீர்கள். அந்த நோயைத் தினமும் கையால் தொடுபவரை அழையுங்கள். பாம்புக்கடிக்கு, துறைத் தலைவரைவிட ஐ.சி.யு.வில் இருக்கும் உதவிப் பேராசிரியர் பல நேரம் பொருத்தமாக இருப்பார்.

போனில் கேட்ட கையோடு எழுத்தில் அனுப்புங்கள். இப்படி: "வணக்கம் சார். எங்கள் காஷுவாலிட்டியில் கடைசி 20 பாம்புக்கடி ஷீட்டைப் பார்த்தோம். மறுசோதனை நேரத்தில்தான் அதிகத் தவறு. கேட்க வருபவர்கள் டியூட்டி டாக்டர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், சுமார் 40 பேர். உங்கள் பேச்சுக்கு 20 நிமிடம், பிறகு ஒரு கேஸை வைத்து 20 நிமிட விவாதம். மூன்று நோக்கமும் ஐந்து கேள்வியும் இணைத்திருக்கிறோம். எங்களிடம் பாலிவேலன்ட் (பல பாம்பு விஷத்துக்குமான) ஏ.எஸ்.வி.யும் கண்ணாடிக் குழாயும் உண்டு, டயாலிசிஸ் இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எந்த வசதி இல்லை என்று பேச்சாளருக்குத் தெரியாவிட்டால், உங்கள் மருத்துவமனையில் செய்ய முடியாத சிகிச்சையைப் பற்றி அரை மணி பேசுவார். தெரிந்தால், எந்தக் கட்டத்தில் நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பேசுவார். உங்கள் டாக்டர்களுக்குத் தேவை அதுதான்.

ஸ்லைடு உரைக்கு 5 நாள் முன்பே வந்துவிட வேண்டும் என்றும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். "கேள்வித்தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும் சார்" என்று காரணம் சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை.

5. நாளும் நேரமும்

ஓ.பி. முடிந்து, சாப்பிட்டு, மாலை ரவுண்ட்ஸுக்கு முன் இருக்கும் 2 முதல் 3 மணி பெரும்பாலான இடங்களில் சரியாக வரும். திங்கள்கிழமை ஓ.பி. கூட்டம் அதிகம், தவிருங்கள். அறுவை அரங்க நாள் எந்த யூனிட்டுக்கு எது என்று பட்டியலைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்.

புதுச்சேரி, தமிழ்நாடு இரு பக்கத்து டாக்டர்களும் வருவார்கள் என்றால் இரண்டு விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். நவம்பர் 1 விடுதலை நாளும் ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாளும் புதுச்சேரிக்கு மட்டும் உரியவை. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் அவை வேலை நாட்கள்.

கோரிமேட்டிலிருந்து கடலூருக்கு வரும் பேச்சாளர் நகரத்தைக் கடந்து, அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலையும் கடக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதம் என்றால் அதோடு இன்னொரு அரை மணி.

இப்போது முக்கியமான விஷயம். உரை யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் அந்த நேரத்தில் காஷுவாலிட்டியை விட்டு நகர முடியாதவர். ஹாலில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அதனால் ஒரே உரையை ஒரே வாரத்தில் இரண்டு முறை வைக்கத் திட்டமிடுங்கள்: முதலில் ஹாலில் பேச்சாளர், இரண்டாவது, காலை டியூட்டி மாறும் நேரத்தில், அதே ஸ்லைடை வைத்து உங்கள் ஜூனியர் டாக்டர் 15 நிமிடம். முதல் அமர்வுக்கு டியூட்டி பார்ப்பவர் யார், இரண்டாவதுக்கு யார் என்று பெயர் எழுதிய தாளை ஆர்.எம்.ஓ.விடம் (உறைவிட மருத்துவ அலுவலர்) கையெழுத்து வாங்கி ஒட்டுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் அன்று மதியம் அது நடக்காது.

6. கவுன்சில் கிரெடிட்

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், ஒரு டாக்டர் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. இந்த மணிக்கணக்கைத்தான் கிரெடிட் என்று பேசுகிறோம்.

நம் ஊர்ப்பக்கம் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடலூர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் எல்லை. புதுச்சேரிக்குத் தனிக் கவுன்சில். ஆனால் டாக்டர்கள் எல்லை பார்த்து வேலை செய்வதில்லை. புதுச்சேரியில் பணிபுரிபவர் தமிழ்நாட்டில் பதிவு செய்திருப்பார். கடலூரில் இருப்பவர் புதுச்சேரியில். ஆகவே வருகைப் பதிவேட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பெயர், பதிவு எண், எந்த கவுன்சில், கையெழுத்து. கவுன்சில் பெயர் இல்லாத வெறும் எண் பின்னால் யாருக்கும் பயன்படாது. அவரவர் கவுன்சிலில் மற்ற இடத்துக் கிரெடிட் எப்படி ஏற்கப்படும் என்று முன்பே கேட்டு, அழைப்பிலேயே தெரிவித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் உரை நேரத்தையும் விவாத நேரத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். குத்துவிளக்கு ஏற்றுவதும் சால்வை போடுவதும் கல்வி நேரத்தில் சேராது. அனுமதி கைக்கு வரும் முன் அழைப்பிதழில் "கிரெடிட் உண்டு" என்று அச்சிட்டுவிடாதீர்கள். அனுமதி வராமல் போனால் 40 பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அடுத்த அழைப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

7. பணம்

மருத்துவமனைக்குள் நடக்கும் ஒரு மணி நேர உரைக்கு ஸ்பான்சர் தேவையே இல்லை. டீ, பிஸ்கட், அச்சு, பேச்சாளரின் வண்டி; இவ்வளவுதான் செலவு. மருத்துவமனை நிதியில் இதற்கென ஒரு செலவுத் தலைப்பு திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துக் கம்பெனியின் உதவி வந்தே தீர வேண்டும் என்றால், 2024 மார்ச்சில் மத்திய மருந்துத் துறை வெளியிட்ட ஒரே சீரான விற்பனை நெறிமுறையைப் படித்துவிடுங்கள். கல்வி நிகழ்ச்சியை மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, டாக்டர்களின் தொழில்முறைச் சங்கம் போன்றவை வழியாகத்தான் நடத்த வேண்டும். பயணம், தங்கும் இடம் ஆகியவற்றைக் கம்பெனி ஏற்பது பேச்சாளராக வருபவருக்கு மட்டும். கேட்க வருபவருக்குக் கூடாது. பணம் நிறுவனத்தின் கணக்குக்கு வரட்டும், தனி டாக்டரின் கைக்கு வேண்டாம்.

தலைப்பையும் பேச்சாளரையும் கம்பெனி தேர்ந்தெடுக்கக் கூடாது. முதல் ஸ்லைடில் பேச்சாளர் யாரிடமாவது பணம் பெற்றிருந்தால் அதைச் சொல்லட்டும். ஸ்லைடு முழுக்க மருந்தின் பொதுப்பெயர் மட்டும் வரட்டும். பிராண்ட் பெயர் ஒரு இடத்தில் இருந்தாலும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

8. ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

ஒருவர் 50 நிமிடம் இடைவிடாமல் பேசினால், இரவு டியூட்டி முடித்து வந்தவர் கால் மணியில் தூங்கிவிடுவார். அது அவர் குற்றமில்லை. பேச்சு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பாம்புக்கடி உரைக்கு அந்த 20 நிமிடத்தை அளக்கக் கடிகாரமே தேவையில்லை, சோதனையே அளந்து காட்டும். சரியாக 2.05-க்கு, சம்மதிக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனிடமிருந்து 4 மி.லி. சிரை ரத்தம் எடுங்கள். 2 மி.லி. புதிய உலர்ந்த கண்ணாடிக் குழாயில், 2 மி.லி. எந்தப் பூச்சும் இல்லாத பிளாஸ்டிக் குழாயில். இரண்டையும் ஸ்டாண்டில் நிறுத்தி, நேரத்தைப் பலகையில் எழுதுங்கள். பேச்சாளர் தொடங்கட்டும். 2.25-க்கு அவர் நிறுத்த, முன்வரிசையில் இருப்பவர் எழுந்து வந்து இரண்டு குழாயையும் மெல்லச் சாய்க்கட்டும்.

கண்ணாடிக் குழாயில் ரத்தம் கட்டியாக நிற்கும், சாய்த்தாலும் வழியாது. பிளாஸ்டிக்கில் அதே ரத்தம் இன்னும் ஓடலாம், அல்லது பாதி மட்டும் உறைந்திருக்கலாம். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கில் அந்தத் தூண்டல் மிகக் குறைவு. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் இதே மாதிரி ஏமாற்றும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் "உறையவில்லை" என்று கண்ணெதிரே தெரியும்போது, தவறான குழாய் ஒன்றால் நோயாளிக்குத் தேவையில்லாத 10 குப்பி மருந்து எப்படி ஏறும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முந்தின நாள் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்; குழாயின் வகையைப் பொறுத்து முடிவு மாறும். ஏ.சி. காற்று நேராகப் படும் மேசையில் வைக்காதீர்கள், குளிரில் உறைதல் தாமதமாகும். கை எட்டும் இடத்தில் வைத்தால் ஆர்வத்தில் யாராவது நடுவில் சாய்த்துப் பார்த்துவிடுவார்கள், சோதனை கெட்டுவிடும். கையுறை கட்டாயம். முடிந்ததும் ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, கண்ணாடி நீலத்துக்கு, பிளாஸ்டிக்கும் கையுறையும் சிவப்புக்கு.

அடுத்த 20 நிமிடம் கேஸ். உங்கள் 20 ஷீட்டிலிருந்து ஒன்றை அடையாளம் நீக்கி, பகுதி பகுதியாகத் திறங்கள். "கால்ல இறுக்கக் கயிறு கட்டிக்கிட்டு வந்திருக்காங்க, இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேச்சாளர் ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் இருக்கட்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பேச்சாளரே பதிலைச் சொல்லிவிடுவது வழக்கமான தவறு. முதலில் ஹவுஸ் சர்ஜன், பிறகு டியூட்டி டாக்டர், கடைசியில் சீஃப் என்ற வரிசையில் கேளுங்கள். சீஃப் முதலில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள்.

உரை ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி சொன்னதைத் தமிழிலேயே வையுங்கள். "கண்ணு சொருகுது", "முழுங்க முடியல" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டுத்தான் கட்டுவிரியன் கடியை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. கடிவாயில் வீக்கமே இல்லாமலும் அது வரும்.

மீதி நேரத்தில் கேள்வி-பதிலுக்குப் பத்து நிமிடம், பின்தேர்வுக்கு (அதே ஐந்து கேள்வி, உரைக்குப் பின்) ஐந்து.

9. ஸ்லைடைச் சரிபார்ப்பது

20 நிமிடத்துக்கு 12 ஸ்லைடு போதும். எழுத்து 28 புள்ளிக்குக் கீழே போனால் கடைசி வரிசைக்குத் தெரியாது. பாடப்புத்தக அட்டவணையை அப்படியே ஒட்டியிருந்தால், தேவையான இரண்டு வரியை மட்டும் விட்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள். அளவுகளில் குழப்பம் இருக்கக் கூடாது: குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. முதல் அளவு ஒன்றே, ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இதை எடைக்கு ஏற்பக் குறைத்து எழுதிய ஸ்லைடு வந்தால் கட்டாயம் பேச்சாளரை அழைத்துக் கேளுங்கள்.

நோயாளியின் படத்துக்கு எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். முகம், பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண் கூடாது. எக்ஸ்-ரே மூலையில் இருக்கும் பெயரைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்று: பவர்பாயிண்டில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி கோப்பிலேயே ஒளிந்திருக்கும், கோப்பு கைமாறினால் யாரும் அதைத் திரும்ப விரித்துப் பார்க்கலாம். வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டளையைக் கொடுங்கள், அல்லது வெட்டிய படத்தைத் தனியாகச் சேமித்து மறுபடி ஒட்டுங்கள்.

10. அறை

அன்று 1.15-க்குள் போய்விடுங்கள். பேச்சாளரின் லேப்டாப்பில் ஹெச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கும், பழைய புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருக்கும், இரண்டையும் இணைக்கும் அடாப்டர் கையில் வேண்டும். ஸ்லைடின் நகல் பென் டிரைவில் ஒன்று, பி.டி.எஃப். ஆக இன்னொன்று. மைக்குக்குப் புது பேட்டரி. திரைக்கு மேலே எரியும் விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

டீ, பிஸ்கட்டை உரைக்கு முன் கொடுக்க வேண்டாம், பின்னால் கொடுங்கள்.

11. தேர்வுத்தாளைக் கையாள்வது

வரும்போதே எண் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கொடுங்கள். உரைக்கு முன் எழுதும் முன்தேர்விலும் பின்தேர்விலும் அதே எண். பெயர் கேட்டால் சீனியர்கள் எழுத மாட்டார்கள், ஜூனியர்கள் பார்த்து எழுதுவார்கள்.

மொத்த மதிப்பெண்ணின் சராசரியைப் போட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கேள்வி வாரியாகப் பாருங்கள். நான்கு கேள்வி ஏறி, மறுசோதனைக் கேள்வி மட்டும் ஏறவில்லை என்றால், அந்தப் பகுதி பேச்சில் விளங்கவில்லை என்று பொருள். அதை டியூட்டி மாறும் நேரத்து இரண்டாவது அமர்வில் சரிசெய்யலாம். ஜூனியர் டாக்டரிடம் அன்று மாலையே சொல்லிவிடுங்கள். சான்றிதழைப் பின்தேர்வுத் தாள் வாங்கிக்கொண்டு கொடுங்கள், இல்லையென்றால் பாதித் தாள் வராது.

12. எட்டு வாரம் கழித்து மீண்டும் கேஸ் ஷீட்

அனைவரும் மறந்துவிடும் படி இது. உரை முடிந்த அன்றே நாட்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள். புதிதாக வந்த 20 பாம்புக்கடி ஷீட்டை எடுங்கள். அத்தனை வரவில்லை என்றால் வந்தவரை. முதலில் எண்ணிய அதே நான்கு விஷயத்தை அதே ஆள் எண்ணட்டும். ஆள் மாறினால் கணக்கும் மாறும்.

முடிவை ஒரே பக்கத்தில், முன்பு இத்தனை, இப்போது இத்தனை என்று எழுதிக் காஷுவாலிட்டி டியூட்டி அறையில் ஒட்டுங்கள். பேச்சாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தம் பேச்சால் வார்டில் எது மாறியது என்ற செய்தி பேச்சாளர்களுக்குக் கிடைப்பது அரிது. அடுத்த முறை தேதி கேட்கும்போது அவர் மறுக்க மாட்டார்.

மாறாத வரி ஏதாவது இருந்தால் முதலில் ஸ்டாஃப் நர்ஸிடம் காரணம் கேளுங்கள். 6 மணி நேர மறுசோதனை இரவு இரண்டு மணிக்கு விழுகிறது, அந்த நேரத்தில் நினைவூட்ட ஆளில்லை என்பார். அல்லது கண்ணாடிக் குழாய் தீர்ந்துவிட்டது என்பார். முதலாவதற்கு, ஏ.எஸ்.வி. தொடங்கும்போதே மறுசோதனை நேரத்தைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு அடுத்த இன்டென்ட். இரண்டும் இல்லாமல், தெரியாததால்தான் நடக்கவில்லை என்றால் முழு உரையை மறுபடி போட வேண்டாம். இரவு டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம், அந்த ஒரு வரிக்காக மட்டும், கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.